சேவ் செய்தால் போதுமா? திரும்ப வருமா என்று பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நாம் முதலில் சொல்லித் தரும் பாடம் "அடிக்கடி சேவ் செய்திடுங்கள்" என்பது தான். நல்ல பாடம், ஆனால் பாதிப் பாடம். சேவ் செய்த டேட்டா எந்த வடிவில் எழுதப்படுகிறது, அதில் எது விடுபடுகிறது, நாளை வேறு ஒரு கம்ப்யூட்டரில் அதனைத் திரும்பப் பெற முடியுமா என்ற மீதிப் பாடத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. கம்ப்யூட்டர் விற்றவரும் சொல்வதில்லை. சாப்ட்வேர் விற்றவர் நிச்சயம் சொல்வதில்லை.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று டிரெய்லர் லாரிகள் வைத்திருக்கிறார். துறைமுகத்திலிருந்து மணலி, எண்ணூர் பக்கம் உள்ள யார்டுகளுக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் தொழில். டிரிப் கணக்கு, டீசல் அட்வான்ஸ், டிரைவர் பேட்டா, எந்த ஏஜென்ட் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சிறிய சாப்ட்வேரில் பதிந்து வந்தார். ஒரு நாள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அவர் பயப்படவில்லை. வாரா வாரம் பென் டிரைவில் பேக் அப் எடுத்து வைத்திருந்தார். புதிய கம்ப்யூட்டரில் அந்த பைலை டபுள் கிளிக் செய்தால், எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. நோட்பேடில் திறந்தால் கட்டங்களும் கிறுக்கல்களும் தான். பழைய சாப்ட்வேரை மீண்டும் இன்ஸ்டால் செய்யப் போனால், அது பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் தரப்பட்ட கீ. அதனை எழுதித் தந்தவர் கடையை மூடிவிட்டுப் போய் வெகு நாளாகிறது.

"தம்பி, நான் டெய்லி சேவ் பண்ணிட்டு தானே மூடுறேன்?" என்று கேட்டார். "ஆமாம்ணே, சேவ் ஆகித்தான் இருக்கு. படிக்கத்தான் ஆள் இல்ல" என்று தான் என்னால் சொல்ல முடிந்தது. மூன்று மாத பாக்கிக் கணக்கை, டிரைவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த ரசீதுகளை வைத்து, பாதி தான் மீட்க முடிந்தது. பாக்கி தர வேண்டியவர்களில் சிலர் "அவ்வளவா? கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டார்கள்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் தமிழில் அடித்துத் தந்த டி.டி.பி. கடைகளில் ஒரு காலத்தில் பேஜ்மேக்கர் இல்லாத கடையே இல்லை எனலாம். அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001 ல் வந்தது. பழைய பேஜ்மேக்கர் பைல்களை அடோப் இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறந்தது. அதன் பின் வந்த சி.சி. பதிப்புகள் திறப்பதில்லை. ஐ.பி.எம். நிறுவனம் லோட்டஸ் 1-2-3 விற்பனையை 2013 ல் நிறுத்தியது. விண்டோஸுடன் எப்போதும் வந்து கொண்டிருந்த வேர்ட்பேட் கூட 2024 ல் விண்டோஸ் 11 ன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. புரோகிராம்களுக்கு ஆயுள் உண்டு. நம் கணக்கும் கடிதமும் அந்த ஆயுளோடு முடிய வேண்டுமா என்பது தான் கேள்வி.

ஸ்மால்டாக் என்ன செய்தது?

இந்தக் கேள்வியை வெகு காலத்திற்கு முன்பே எதிர்கொண்ட கம்ப்யூட்டர் மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்மால்டாக். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வு மையத்தில், 1970 களில், ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் ஆகியோர் உருவாக்கியது. ஸ்மால்டாக்-80 என்ற பதிப்பின் விளக்க நூல் 1983 ல் வெளியானது. இன்று பாரோ, ஸ்குவீக் என்ற பெயர்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த மொழியில் எல்லாமே ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் என்றால் பயப்பட வேண்டாம். நம் வடசென்னையில் தினமும் பார்க்கும் கண்டெய்னரையே ஓர் ஆப்ஜெக்டாக எண்ணிக் கொள்ளுங்கள். அதற்கு ஒரு வரிசை எண், நீளம், காலி எடை, உள்ளே உள்ள சரக்கின் எடை, ஏற்றிச் செல்லும் லாரி என்று சில விவரங்கள் உண்டு. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தது தான் ஆப்ஜெக்ட். கண்டெய்னரை உதாரணமாகக் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஓ.ஓ.சி.எல். என்ற கப்பல் நிறுவனம் தன் கண்டெய்னர் தொழிலுக்கான ஐரிஸ்-2 என்ற அமைப்பை ஜெம்ஸ்டோன் ஸ்மால்டாக் கொண்டு அமைத்துப் பல ஆண்டுகள் இயக்கியது. எனவே இது ஆய்வுக்கூட விளையாட்டு அல்ல.

ஸ்மால்டாக்கில் வேலை செய்கையில் மெமரியில் உள்ள அனைத்தையும் அப்படியே "இமேஜ்" என்ற ஒரே பைலாக சேவ் செய்திடலாம். மறுநாள் திறந்தால் நேற்று விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கும். வசதி தான். ஆனால் அந்த இமேஜ் பைலை ஸ்மால்டாக் மட்டுமே படிக்கும். லாரிக்காரர் நண்பரின் பேக் அப் பைல் போலத் தான். எனவே ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் டெக்ஸ்டாக எழுதவும், அந்த டெக்ஸ்டிலிருந்து மீண்டும் ஆப்ஜெக்டாக எடுக்கவும் வழி தரப்பட்டது.

பார்ப்பதற்கு ஒன்று, சேமிப்பதற்கு ஒன்று

இதற்கு ஸ்மால்டாக்கில் இரண்டு தனித் தனிக் கட்டளைகள் உண்டு. ஒன்று பிரிண்ட்ஸ்ட்ரிங், மற்றது ஸ்டோர்ஸ்ட்ரிங். (டைப் செய்கையில் இவற்றை ஆங்கில எழுத்துக்களில் தான் தர வேண்டும்.) முதலாவது மனிதர் பார்ப்பதற்கு. நாம் மாற்றி அமைக்காவிட்டால், "ஒரு கண்டெய்னர்" என்ற அளவில் ஆப்ஜெக்டின் இனத்தை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்ளும். அதிலிருந்து கண்டெய்னரைத் திரும்ப உருவாக்க முடியாது. இரண்டாவது தான் திரும்ப எடுப்பதற்கு.

நம்மில் பலர் இந்த இடத்தில் தான் தவறுகிறோம். கணக்கை பி.டி.எப். ஆக மாற்றி வைத்துவிட்டு, அல்லது திரையை ஸ்கிரீன் ஷாட் எடுத்துவிட்டு, பேக் அப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறோம். அது பிரிண்ட்ஸ்ட்ரிங் போன்றது. கண்ணால் பார்க்கலாம், கூட்டிக் கழிக்க ஒரு புரோகிராமிற்குள் கொண்டு செல்வது பெரும்பாடு.

சரி, ஸ்டோர்ஸ்ட்ரிங் எப்படி எழுதும்? தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

புதிய கண்டெய்னர், 1 ஆம் இடத்தில் '004512', 2 ஆம் இடத்தில் 20, 3 ஆம் இடத்தில் 2200, 4 ஆம் இடத்தில் 18500

நோட்பேடில் திறந்து எவரும் படிக்கலாம். ஆனால் இதில் சில சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, விவரங்கள் பெயரால் அல்ல, இடத்தால் எழுதப்படுகின்றன. ஆறு மாதம் கழித்துக் கண்டெய்னருக்கு "நிறம்" என்று ஒரு விவரத்தை இரண்டாம் இடத்தில் சேர்த்தால், பழைய டெக்ஸ்டைத் திரும்ப எடுக்கையில் 20 அடி என்பது நிறமாகிவிடும்.

இரண்டாவது, கண்டெய்னருக்குள் லாரி, லாரிக்குள் அதே கண்டெய்னர் என்று ஒன்றை ஒன்று சுட்டிக் கொண்டிருந்தால், கண்டெய்னரை எழுதப் போய் லாரியை எழுதி, லாரியை எழுதப் போய் மீண்டும் கண்டெய்னரை எழுதி, முடிவே இல்லாமல் சுற்றிக் கொண்டிருக்கும்.

மூன்றாவது தான் ஆபத்தானது. ஸ்டோர்ஸ்ட்ரிங் எழுதுவது ஸ்மால்டாக் மொழியின் கட்டளை வரிகளே. திரும்ப எடுப்பது என்றால் அந்தக் கட்டளைகளை இயக்குவது. யாரோ அனுப்பிய டெக்ஸ்டை அப்படி இயக்கினால் அதில் என்ன கட்டளை ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இமெயிலில் வந்த வேர்ட் பைலில் மேக்ரோவை இயக்காதீர்கள் என்று எச்சரிக்கிறோமே, அதே கதை தான்.

நாமே முடிவு செய்திடலாம்

ஸ்மால்டாக்கின் சிறப்பு, "இப்படித் தான் எழுதுவேன்" என்று அது அடம் பிடிப்பதில்லை. ஸ்டோர்ஆன் என்ற வழிமுறையைக் கண்டெய்னருக்கென்று நாமே எழுதித் தந்தால், அதன் பின் நாம் சொன்னபடி தான் டெக்ஸ்ட் வரும். பாரோவில் இதற்கு இன்னும் நல்ல வழியாக ஸ்டான் என்ற டெக்ஸ்ட் வடிவம் உள்ளது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஸ்வென் வான் கேகன்பெர்க் உருவாக்கியது. இணையத்தில் எங்கும் பயன்படும் ஜேசான் வடிவத்தைப் பின்பற்றியது. அதில் நம் கண்டெய்னர் இப்படி அமையும்:

கண்டெய்னர்{#வரிசைஎண்:'004512',#அடி:20,#காலிஎடை:2200,#சரக்கு:18500}

ஒவ்வொரு விவரமும் தன் பெயருடன் நிற்கிறது. எனவே இடம் மாறினாலும் குழப்பம் இல்லை. ஏற்கனவே எழுதிய ஆப்ஜெக்ட் மீண்டும் வந்தால் @ அடையாளமும் ஓர் எண்ணும் இட்டு "முன்பு சொன்னேனே, அது தான்" என்று காட்டிவிடும். சுற்றல் இல்லை. இது வெறும் டேட்டா, கட்டளை அல்ல. இதையும் மாற்ற வேண்டுமா? எழுதுவதற்கு ஸ்டான்ஆன், திரும்ப எடுப்பதற்கு ஃப்ரம்ஸ்டான் என்ற இரண்டு வழிமுறைகளையும் நாமே எழுதிக் கொள்ளலாம்.

அப்படி எழுத உட்காரும் போது தான் நல்ல கேள்விகள் பிறக்கின்றன. மொத்த எடையை எழுத வேண்டுமா? காலி எடை 2,200 கிலோ, சரக்கு 18,500 கிலோ என்றால் மொத்தம் 20,700 கிலோ. கூட்டினால் வந்துவிடும். எழுதாமல் விட்டால், ஒன்றைத் திருத்தி மற்றொன்றைத் திருத்த மறந்துவிட்டோமே என்ற பிரச்னை வராது. அதே நேரத்தில், கூட்டினால் வரக் கூடியதையும் வேண்டுமென்றே எழுதி வைப்பது உண்டு. கண்டெய்னரின் பக்கவாட்டில் நான்கு ஆங்கில எழுத்துக்கள், ஆறு இலக்கங்கள், கட்டத்திற்குள் ஓர் இலக்கம் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைசி இலக்கம், ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி, முன்னால் உள்ள பத்தையும் வைத்து 11 ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து கிடைப்பது. ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். திரும்ப எடுக்கையில் சரி பார்க்கத் தான் அது இருக்கிறது.

லாரிக்காரரின் பாஸ்வேர்டை எழுத வேண்டுமா? கூடாது. டெக்ஸ்ட் பைலை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். விவரங்களில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் டேட்டாவுக்குச் சொந்தக்காரர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 004512 என்பதை மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறோம். குறி இல்லாவிட்டால் அது எண்ணாகி, முன்னால் உள்ள இரண்டு பூஜ்யங்களும் போய், 4512 ஆகிவிடும். யார்டில் தேடினால் அப்படி ஒரு பெட்டியே இருக்காது.

கப்பல்களும் டெக்ஸ்டில் தான் பேசுகின்றன

டெக்ஸ்ட் எல்லாம் சின்ன வேலைக்குத் தான் என்று எண்ண வேண்டாம். கப்பலில் எந்தக் கண்டெய்னர் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற வரைபட விவரத்தைக் கப்பல் நிறுவனங்களும் துறைமுக டெர்மினல்களும் பேப்ளி என்ற டெக்ஸ்ட் செய்தியாகப் பரிமாறிக் கொள்கின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் எடிபாக்ட் என்ற விதிமுறையில் அமைந்தது. இந்த விதிமுறை 1987 ல் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்கப்பட்டது. விவரங்களைப் பிரிக்க + குறி, உட்பிரிவுக்கு : குறி, முடிவுக்கு ' குறி. டேட்டாவுக்குள்ளேயே + வந்துவிட்டால் என்ன செய்வது? அதன் முன் ? குறியிட்டால் "இது பிரிப்பதற்கான குறி அல்ல" என்று பொருள். அனுப்பும் கம்ப்யூட்டர் எந்த நிறுவனத்துடையது, எந்த மொழியில் புரோகிராம் எழுதப்பட்டது என்ற கவலை பெறுபவருக்கு இல்லை. அத்தனை பெரிய கப்பலே இதை நம்பிப் போகும் போது, நம் வீட்டுக் கணக்கு போகக் கூடாதா?

டெக்ஸ்டுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. போட்டோ, பாடல், வீடியோவுக்கு இது சரிப்படாது. எக்ஸெல் பார்முலா, வண்ணம், எழுத்து அளவு போன்றவை டெக்ஸ்டில் வராது. பைல் பெரிதாகும். எனவே உங்கள் வழக்கமான சாப்ட்வேரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் வேலை செய்திடுங்கள். ஆனால் இழந்தால் பணமோ உரிமையோ போகும் என்ற டேட்டாவுக்கு ஒரு டெக்ஸ்ட் நகல் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. "எல்லாம் இன்டர்நெட்டில் தானே இருக்கிறது" என்பவர்களுக்கும் இது பொருந்தும். கூகுள் நிறுவனமே 2011 ல் டேக்அவுட் என்ற வசதியைத் தந்து, நம் முகவரிகளை இறக்கி வைத்துக் கொள்ள வழி செய்தது. வசதி இருக்கிறது, பயன்படுத்துபவர்கள் தான் குறைவு.

வீட்டில் என்ன செய்திடலாம்?

1. எக்ஸெல்லில் கணக்கு வைத்திருந்தால், மாதம் ஒரு முறை சேவ் அஸ் சென்று, பைல் வகையில் "சி.எஸ்.வி. யு.டி.எப்.-8" என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு நகல் எடுங்கள். சாதாரண சி.எஸ்.வி. யைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம். நோட்பேடிலும் இதே கவனம் வேண்டும். 2019 ல் வந்த விண்டோஸ் 10 ன் 1903 பதிப்பிலிருந்து தான் யு.டி.எப்.-8 அதில் மாறா நிலையாக அமைந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஆன்சி தான்.

2. பழைய தமிழ் டாகுமெண்ட்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். 1999 ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் குறியீடுகள் வந்தன. 2010 ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 ஐயும் தரமாக ஏற்றது. டாப், டாம் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் குறிகளாகத் தான் தெரியும்.

3. முதல் வரியில் ஒவ்வொரு நெட்டு வரிசைக்கும் பெயர் தாருங்கள். தேதி, தொகை, பெயர் என்று எழுதி வைத்தால் பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் பிள்ளைக்கும் புரியும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03-04 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ என்ற சண்டை வராது.

4. முகவரிக்குள் கமா இருந்தால், அந்த முகவரி முழுவதும் மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா என்று நோட்பேடில் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் தெருவின் பெயர் அடுத்த வரிசைக்குத் தாவிவிடும். எடிபாக்டின் ? குறி செய்யும் வேலையைத் தான் இங்கே மேற்கோள் குறி செய்கிறது.

5. பாஸ்வேர்ட், ஏ.டி.எம். பின் எண் போன்றவற்றை இந்த நகலில் எழுதவே எழுதாதீர்கள்.

6. முக்கியமானது இது தான். எடுத்த நகலை வேறு ஒரு கம்ப்யூட்டரில், வேறு ஒரு புரோகிராமில் திறந்து பாருங்கள். எக்ஸெல்லில் எடுத்ததை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கலாம். மொத்தத் தொகை சரியாக வருகிறதா? 044 என்று தொடங்கும் போன் எண்கள் 44 ஆகிவிட்டனவா? சி.எஸ்.வி. பைலை எக்ஸெல்லில் நேராக டபுள் கிளிக் செய்து திறந்தால் இப்படித் தான் ஆகும். டேட்டா டேப் வழியாக இறக்கி, அந்த நெட்டு வரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பிட வேண்டும்.

புதிதாக சாப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "நான் பதிந்த எல்லாவற்றையும் டெக்ஸ்டாக வெளியே எடுக்க முடியுமா? அந்த டெக்ஸ்டைத் திரும்ப உள்ளே ஏற்ற முடியுமா?" இரண்டுக்கும் "முடியும்" என்று சொல்லி, உங்கள் கண் முன்னே செய்து காட்டினால் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், எங்க சாப்ட்வேர்ல சேவ் ஆகிடும்" என்று பதில் வந்தால், வேறு கடை பாருங்கள்.

புரோகிராமிங் கற்க ஆசைப்படும் மாணவர்கள் வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரோவை இறக்கி, ஒரு கண்டெய்னரை உருவாக்கி, டெக்ஸ்டாக எழுதி, திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது தான் பயிற்சி.

திருவொற்றியூர் நண்பர் இப்போது வேறு சாப்ட்வேர் வைத்திருக்கிறார். மாதம் பிறந்தால் சி.எஸ்.வி. நகல் எடுத்து, அதனைத் தன் மகளின் லேப்டாப்பில் திறந்து, பாக்கித் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகு தான் பழைய ரசீதுகளைக் கட்டி ஓரமாக வைக்கிறார். நீங்கள் இந்த வாரமே ஒரு பைலை எடுத்து முயற்சி செய்து பாருங்கள்.